படுத்திருக்கச் சொன்னது யார்?

(நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பாதிப் பேராவது மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறீர்கள். உள்ளே ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன், மருந்துச் சீட்டு. கூட்டம் முடிந்ததும் அதைப் பிரித்து ஒரே ஓர் எண்ணைக் காட்டி, "டாக்டர், உப்பு ஏறிப்போச்சுன்னு சொல்றாங்க, கிரியாட்டினின் குறையுமா?" என்று கேட்பீர்கள். அதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நான் இன்று பேசப்போகிற வீட்டு உடற்பயிற்சியை நம்பிக் கிரியாட்டினின் குறையும் என்று காத்திருக்காதீர்கள். குறையும் என்று யாராவது அடித்துச் சொல்லி வீடியோ போட்டிருந்தால் நம்ப வேண்டாம். தழும்பேறிச் செயலிழந்த வடிகட்டிகளுக்கு நடைப்பயிற்சி உயிர் கொடுக்காது.

நான் பேச வந்தது வேறோர் எண்ணைப் பற்றி. மருந்துச் சீட்டின் மேல் ஓரத்தில் மருத்துவர் பேனாவால் கிறுக்கியிருப்பார்: 150/90, 160/100. அதுதான் பிரஷர், ரத்த அழுத்தம். மிச்சமிருக்கிற சிறுநீரகம் எத்தனை காலம் தாங்கும் என்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த எண்ணைக் குறைப்பதில் உங்கள் கால்களுக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு உறுப்புகளுக்குத்தான் போகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. பிரஷர் ஏறினால் முதலில் அடிபடுவது இந்த நுண் வடிகட்டிகள். அடிபட்ட சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கிவைக்கிறது, ரெனின் என்ற பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களைச் சுருங்கவைக்கிறது, பரிவு நரம்புகளை ஓயாமல் முடுக்குகிறது. மூன்றும் சேர்ந்து பிரஷரை இன்னும் ஏற்றுகின்றன. ஏறிய பிரஷர் இன்னும் சில வடிகட்டிகளைக் கெடுக்கிறது. எது முதலில் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாத நிலையில்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள்.

இந்த உறவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் லண்டன் கைஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த ரிச்சர்ட் பிரைட். உடம்பு வீங்கி வந்தவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். அது முட்டை வெள்ளைக்கருபோல் திரிந்தால் புரதம் ஒழுகுகிறது என்று பொருள். 1827இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு, அப்படி இறந்துபோனவர்களின் இதயம் தடித்துப் பெருத்திருப்பதையும் 1836இல் பதிவுசெய்தார். கையில் கட்டிப் பிரஷர் பார்க்கும் கருவி வர இன்னும் அறுபது ஆண்டு இருந்தது. நாடியைத் தொட்டும் இறந்தவர் உடலைப் பார்த்தும் அவர் கண்டுகொண்ட உண்மை இது.

அவர் காலத்தில் மருந்து இல்லை. படுக்கை, கதகதப்பு, ரத்தம் எடுப்பது, இவைதான் சிகிச்சை. சிறுநீரக நோய் என்றால் படுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் மருத்துவமனைகளில் இருந்தது. மருத்துவம் அதை விட்டுவிட்டது. நம் வீடுகள் விடவில்லை.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கணவருக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்த அன்றே வீட்டில் சட்டம் மாறிவிடுகிறது. "நீங்க எந்திரிக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்." தண்ணீர்ச் செம்பு கட்டிலுக்கே வருகிறது. ரேஷன் கடைக்கு மகன் போகிறான். மாடிப்படி ஏற வேண்டாம் என்று கீழ் அறையில் கட்டில் போடப்படுகிறது. எல்லாம் அன்பினால்தான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆறு மாதம் கழித்து அவரைப் பாருங்கள். தொடைச்சதை வற்றியிருக்கும். சிறுநீரகம் வெளியேற்றாத அமிலம் ரத்தத்தில் தேங்கினால் தசைப் புரதம் கரையும். ரத்தசோகை இருக்கும். பத்தியம் என்று புரதத்தை அளவுக்கு மீறிக் குறைத்திருப்பார்கள். இத்தனைக்கும் மேல் அசையாமல் வேறு இருக்கிறார். கழிவறையிலிருந்து எழக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. "நோய் முத்திடுச்சு" என்கிறார்கள். முற்றியதில் ஒரு பாதி நோய், ஒரு பாதி அந்தக் கட்டில்.

பெண் நோயாளிகளின் நிலை வேறு. அவர்களை யாரும் படுக்கச் சொல்வதில்லை. "நான்தான் நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கிறேனே, எனக்கு எதுக்கு டாக்டர் தனியா பயிற்சி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூட்டுவது, துடைப்பது, துணி துவைப்பது எல்லாம் உழைப்புத்தான். ஆனால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பது காலை வீங்கவைக்குமே தவிர, இதயத்தைப் பத்து நிமிடம் தொடர்ந்து சுறுசுறுப்பாக ஓடவைக்காது. அந்தப் பத்து நிமிடம் அவர்களுக்கும் வேண்டும். அதை வீட்டார் ஒதுக்கித்தர வேண்டும்.

சரி, பயிற்சி செய்தால் பிரஷர் எவ்வளவு குறையும்? உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 1983இல் அமெரிக்காவில் ஹேக்பெர்க் என்பவரும் உடனிருந்தவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பிரஷர் குறைகிறது என்று எழுதினார்கள். மிகச் சிறிய ஆய்வு. 1997இல் வெளியான இன்னொன்றும் சிறியதுதான், டயாலிசிஸ் கட்டத்துக்கு வராத எட்டுப் பேர். நான்கு மாதப் பயிற்சியில் அவர்களுடைய பிரஷர் சராசரியாக 146/87இலிருந்து 124/78க்கு இறங்கியது. பயிற்சியை நிறுத்தி இரண்டு மாதம் ஆனதும் 139/87 ஆகிவிட்டது. அந்த மூன்றாவது எண்தான் என் மனத்தில் நிற்கிறது. சேர்த்துவைத்து ஆண்டு முழுக்கச் சாப்பிட முடியாத மருந்து இது.

அதன் பிறகு பெரிய ஆய்வுகள் நடந்தன. சிலவற்றில் மேல் எண் நாலைந்து புள்ளி குறைந்தது. சிலவற்றில் குறையவே இல்லை, நடக்கும் தெம்பு மட்டும் கூடியது. ஏன் இந்த வேறுபாடு? சிறுநீரக நோயாளிக்குப் பிரஷர் ஏறப் பல வழிகள் இருக்கின்றன. உடம்பில் நீர் தேங்கி ஏறிய பிரஷரை நடை இறக்காது. அதற்கு உப்பைக் குறைக்க வேண்டும், நீர் பிரியும் மாத்திரை வேண்டும், டயாலிசிஸில் இருந்தால் சரியான அளவு நீரை எடுக்க வேண்டும். நடை வேலை செய்வது வேறு இடத்தில். அது நரம்புகளின் முடுக்கத்தைத் தணிக்கிறது, ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து நெகிழ உதவுகிறது. இந்தத் தணிவு ஒரு முறை நடந்தால் பல மணி நேரம் நீடிக்கும். அதனால்தான் வாரத்தில் பெரும்பாலான நாள்கள் என்று சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடந்தால் அந்தத் தணிவு வாரம் முழுக்க நிற்காது.

நாலைந்து புள்ளி என்றால் அற்பம் என்று நினைக்காதீர்கள். ஒரு பிரஷர் மாத்திரை சராசரியாகக் குறைப்பது எட்டு ஒன்பது புள்ளிதான். அதில் பாதி வேலையை உங்கள் கால் செய்கிறது. ஆனால் மீதிப் பாதிக்கும், அதற்கு மேலும், மாத்திரை வேண்டும். "நடக்க ஆரம்பிச்சிட்டேன், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பிரஷர் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் முடிவு. நீங்களாகக் கை வைக்கக் கூடாது.

வீட்டில் செய்தால் போதுமா, பெரிய உடற்பயிற்சிக் கூடம் வேண்டாமா என்று கேட்கலாம். இத்தாலியில் நடந்த எக்சைட் என்ற ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 296 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் வீட்டிலேயே, அவரவர் தெம்புக்கு ஏற்ற வேகத்தில், பத்துப் பத்து நிமிட நடையாக நடந்தார்கள். ஆறு மாதத்தில், ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்து கடக்கும் தூரம் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. வழக்கம்போல் இருந்தவர்களிடம் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். அந்த ஆய்வு பிரஷருக்காக நடத்தியது அல்ல, நடக்கும் திறனுக்காக. ஆனால் வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடப்பவர்கள்கூட வீட்டில் பயிற்சி செய்ய முடியும் என்பதை அது காட்டியது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில், டயாலிசிஸுக்கு வராத 151 பேர் ஓராண்டு இதுபோல் தாங்களாகவே பயிற்சி செய்தார்கள். அவர்களுக்கும் உடல் திறன் கூடியது.

உலகச் சிறுநீரக மருத்துவர்களுக்கு வழிகாட்டும் கேடிகோ அமைப்பு 2021இல் சொன்னது வாரத்துக்கு 150 நிமிடம், மிதமான வேகம், அல்லது உங்கள் இதயமும் உடம்பும் தாங்குகிற அளவு. இந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம்தான் முடிகிறது என்றால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

வேகத்தை எப்படி அளப்பது? நாடியை எண்ணாதீர்கள். உங்களில் பலர் மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அவை நாடியை ஏறவிடாது. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதம். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

நடையோடு காலுக்கு வலுவும் வேண்டும். கை வைக்காத பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக் கூடாது. பாதி இருக்கையில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுக்கப் பதியட்டும். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூச்சை விட்டபடி எழுங்கள். முழுதாக நிமிர்ந்து நின்றுவிட்டு மெதுவாக, தொப்பென்று விழாமல், உட்காருங்கள். முதல் நாள் ஐந்து முறை. முடியாவிட்டால் கையை ஊன்றிக்கொள்ளலாம், தவறில்லை. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. இவ்வளவு போதும். மூச்சை அடக்கி முக்கக் கூடாது, அந்த நேரத்தில் பிரஷர் எகிறும்.

சுவரில் சாய்ந்து, முழங்காலை மடித்து அசையாமல் நிற்கும் பயிற்சி பிரஷருக்கு நல்லது என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். 2023இல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நடை போன்ற பயிற்சிகள் மேல் எண்ணை நாலரைப் புள்ளி அளவு குறைத்தபோது, அசையாமல் தாங்கும் இந்த வகை எட்டுப் புள்ளி அளவு குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த எண்கள் சிறுநீரக நோயாளிகளை வைத்து வந்தவை அல்ல. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ தாண்டினால் அன்று பயிற்சி இல்லை, மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், திடீரென்று கூடிய வீக்கம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் அப்படித்தான். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி கெடுப்பதில்லை, பயிற்சிக்குப் பிறகு நாம் செய்வது கெடுக்கிறது. ஒருவர் உற்சாகமாக முதல் வாரமே ஒரு மணி நேரம் நடக்கிறார். முழங்கால் வலிக்கிறது. தெருமுனை மருந்துக்கடையில் "கால் வலிக்கு ஏதாவது குடுங்க" என்கிறார். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், இவற்றில் ஒன்று கைக்கு வருகிறது. வலி பறந்துவிடுகிறது. அதனால் தினமும் போடுகிறார். இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும், உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் மழுக்கும். எதற்காக நடக்கத் தொடங்கினாரோ அதற்கு நேர் எதிரான வேலையை அந்தச் சிறு மாத்திரை செய்துமுடிக்கிறது. கால் வலித்தால் இரண்டு நாள் நடையைக் குறையுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாத்திரை வேண்டுமென்றால், "எனக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நடந்த களைப்புக்கு இளநீர் குடிப்பதும் அப்படித்தான். மற்றவர்களுக்கு அமிர்தம். பொட்டாசியம் வெளியேறாத நிலையில் இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. வாங்காதீர்கள். சாதாரண உப்பையே குறையுங்கள், நாளுக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

என்னிடம் வருகிற ஒரு நெசவாளர் குடும்பத்தின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. சர்க்கரையால் அவருக்குக் கண்பார்வை மங்கல், எழுதுவது மனைவி. தேதி, காலைப் பிரஷர், மாலைப் பிரஷர், நடந்த நிமிடம், எடை, கால் வீக்கம் உண்டா இல்லையா என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். ஓரத்தில் சின்ன எழுத்தில் அவருடைய குறிப்புகள். எண் ஏறியிருந்த ஒரு நாளின் பக்கத்தில், "கல்யாண வீடு. அப்பளம் ரெண்டு. ஊறுகா" என்று இருந்தது. இன்னொரு நாள், "ராத்திரி தூக்கம் இல்ல". அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து நான் எடுத்த முடிவை, என் அறையில் ஒரே ஒரு முறை பிரஷர் பார்த்து எடுத்திருக்க முடியாது. மாத்திரையைக் கூட்ட நினைத்தவன் கூட்டவில்லை.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் பின்னாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காபி குடித்தோ நடந்தோ அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மறுபடி மாலையில். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம் இதைத் தவறாமல் செய்தால் போதும். தினம் பத்து முறை பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பட்டையைக் கட்டவே கூடாது, கனமும் தூக்கக் கூடாது. அறுவைக் காயம் ஆறியதும் ரப்பர் பந்தை அழுத்திப் பழகச் சொல்லியிருப்பார்கள். அதை விடாதீர்கள், உங்களில் பலர் ஏற்கெனவே செய்துவருகிற வீட்டுப் பயிற்சி அதுதான். தினமும் காலையில் விரலை வைத்து ஃபிஸ்டுலாவின் அதிர்வைத் தொட்டுப் பாருங்கள். டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று பிரஷர் இறங்கியிருக்கும், அன்று ஓய்வு. மறுநாள் நடங்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்கிறவர்கள், நீர் நிரம்பிய வயிறு பயிற்சிக்கு இடைஞ்சலாக இருந்தால், நீரை வெளியேற்றிய பிறகு செய்யலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

இதையெல்லாம் நோயாளி ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வழி இல்லாத ஊர் அல்ல இது. 1990களில் டாக்டர் எம்.கே. மணி கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரும் பிரஷரும் பார்க்கவைத்தார். மலிவான மாத்திரைகளைக் கொண்டே பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்திக் காட்டினார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இயன்முறை மருத்துவரும் வருகிறார், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளும் வருகின்றன. படுத்த படுக்கையானவருக்கு வருகிற அந்த இயன்முறை மருத்துவர், படுக்கையில் விழுவதற்கு முன்பே சிறுநீரக நோயாளியின் வீட்டுக்கு ஒரு முறை வந்து, நாற்காலியில் எழுந்து உட்காரக் கற்றுக்கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, "நடை, பத்து நிமிடம், காலை ஒன்று மாலை ஒன்று" என்று மருத்துவர்கள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நீங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி நான் பேசுவதைவிட நீங்கள் செய்து பார்ப்பது நல்லது. நம் இயன்முறை மருத்துவர் மேடைக்கு வருகிறார். தம்பிகளே, அந்த நாற்காலிகளைச் சுவரோரம் ஒட்டிப் போடுங்கள். ஃபிஸ்டுலா இருக்கிறவர்கள் எந்தக் கை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிரஷர் பார்க்கும் செவிலியர் மறு கையில் கட்டுவார். எண் 180க்கு மேல் இருப்பவர்கள் இன்று செய்ய வேண்டாம், என்னிடம் வாருங்கள். மற்றவர்கள் உட்காருங்கள், ஐந்து முறை எழுந்து பார்ப்போம்.